மூன்றரை மணிப் படங்கள்

1

இந்த செப்டம்பர் மாதம் முழுவதும் பிற்பகல் மூன்றரை மணிக்கு நான் திருச்சியில் எங்கே இருந்தேன் என்று யார் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஒரு நாள் சத்திரம் பேருந்து நிலையத்தில், கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில். ஒரு நாள் மலைக்கோட்டைக்குக் கீழே, அக்கா ஜாக்கெட் துணி எடுத்துக்கொண்டிருந்த கடையின் வாசலில். நான்கைந்து நாள் தாலுகா அலுவலகத்து வேப்பமரத்தடியில். எங்கே இருந்தாலும் மூன்று இருபத்தைந்துக்குக் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விடும்.

ஜெர்மனியில் அப்போது நண்பகல். அங்கே ஒரு பேக்கரியின் பின்கட்டில் என் மகள் மது இடைவேளைக்கு உட்கார்ந்து ஒரு படம் வரைந்து போனில் அனுப்புவாள். அது வந்ததும் நான் என் படத்தை அனுப்புவேன். ஒரு நாளைக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஆளுக்கு ஒரு படம், முப்பது நாள். அவ்வளவுதான் ஏற்பாடு.

கேட்பதற்கு விளையாட்டுபோல இருக்கும். எனக்கு அது, தூங்குகிற குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பது மாதிரி.

பிப்ரவரியில் மது ஒன்பது நாள் தன் விடுதி அறையை விட்டு வெளியே வரவில்லை. வகுப்பு இல்லை, சாப்பாடு என்று சொல்லும்படி எதுவும் இல்லை, போனை எடுக்கவில்லை. எங்களுக்கு அது தெரிந்ததே ஒன்பதாவது நாள்தான். பிறகு மருத்துவர், மாத்திரை, வாரம் ஒருமுறை ஒருவரிடம் உட்கார்ந்து பேசுவது. கட்டடக்கலைப் படிப்பை நிறுத்திவிட்டு, அதே ஊரில் பேக்கரி வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது தேறிவிட்டாள். நான்தான் இன்னும் தேறவில்லை.

இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன். இரண்டு வரியையும் ஊர்ப் பெயரையும் எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். பெயரை மாற்றட்டுமா என்றேன். "வேணாம்ப்பா. அப்புறம் வேற யாரையோ பத்தி எழுதின மாதிரி இருக்கும்" என்றாள்.

2

நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் குடியேறி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மது பிறந்தது அங்கேதான். பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வடிவமைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். என் மனைவி கீதாவுக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை.

என்னுடைய ஜெர்மன் தொழிற்சாலையில் கற்றது. எந்த உதிரிபாகம் எத்தனை வாரம் தாமதம் என்பதை நயமாகச் சொல்வேன். மனம் கலங்கிப்போயிருப்பதைச் சொல்ல எனக்கு அந்த மொழியில் ஒரு வாக்கியம்கூடத் தெரியாது. பிப்ரவரியில் அந்த ஒன்பதாம் நாள் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போன் செய்தபோது, மகள் தொடர்பில் இல்லை என்று சொல்ல நினைத்து, "என் மகள் தற்போது கிடைப்பதில்லை, எப்போது வரும் என்ற தகவலும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். தீர்ந்துபோன சாமானுக்குச் சொல்வது அது. அந்தப் பக்கம் இருந்த அம்மாள் சிரிக்கவில்லை. மகளுக்கு என்ன வயது என்று கேட்டார். இருபது. "அப்படியானால் அவருடைய சம்மதம் இல்லாமல் நாங்கள் எதுவும் தெரிவிக்க இயலாது. எழுத்துமூலம் கேளுங்கள்" என்றார். மிகவும் மரியாதையாகச் சொன்னார். சட்டம் அது, அவரைக் குறை சொல்ல முடியாது. போனை வைத்துவிட்டுக் காரை எடுத்தேன்.

செப்டம்பரில் நான் திருச்சிக்கு வர வேண்டியிருந்தது. திருவெறும்பூரில் அப்பா கட்டிய வீடு இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. அவர் அந்தப் பக்கத்துப் பெரிய தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். அவரும் அம்மாவும் போன பிறகு பட்டாவை என் பெயருக்கும் அக்கா பெயருக்கும் மாற்ற வேண்டும், அதற்கு நேரில் வர வேண்டும் என்றார்கள். ஒரு மாத விடுப்பு. கிளம்புவதற்கு முன் மதுவிடம் பேசினேன்.

"அங்கேர்ந்து தினமும் ஒரு போன் பண்றேன்மா."

"எதுக்குப்பா? சாப்பிட்டியான்னு கேப்பீங்க, ம்னு சொல்லுவேன். தூங்கினியா, ம். மாத்திரை, ம். ரெண்டு பேருக்குமே போர்."

"ஒண்ணும் தெரியாம அங்க எப்படிம்மா உக்காந்திருக்கறது?"

அவளே ஒரு வழி சொன்னாள். "அடுத்த மாசம் நான் டெய்லி ஒரு டிராயிங் போடலாம்னு இருக்கேன். டாக்டர் சொல்லல, நானாத்தான். நீங்களும் போடுங்க. என் படம் வந்துச்சுன்னா நான் நல்லா இருக்கேன்னு வச்சுக்குங்க. ஓகேவா?"

விதிகளும் அவளுடையவைதான். பால்பாயின்ட் பேனா. அழிக்கக் கூடாது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது. "கேள்வி கேட்டீங்க, கேம் ஓவர்."

முப்பது சொற்களை ஒரு தாளில் எழுதி அனுப்பினாள். எல்லாம் சாதாரணச் சொற்கள். குடை, சாவி, நாற்காலி, ஜன்னல் இப்படி.

3

முதல் நாள் சொல் குடை. ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் சாலைக்குப் பக்கத்தில் சுமதி அக்காவின் ஃபிளாட்டில்தான் தங்கியிருந்தேன். அக்கா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள். சாப்பாட்டு மேஜையில் அவளுடைய குடையை விரித்துவைத்து, அடிஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். படம் என்றால் எனக்குப் பொறியியல் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த படம்தான். எந்தப் பொருளையும் முன்னாலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று மூன்று தடவை வரைந்து அம்புக்குறி போட்டு அளவு எழுதினால்தான் அது படம். முப்பது வருடமாக வேறு எதையும் வரைந்ததில்லை. குடையையும் அப்படியே வரைந்தேன்.

அக்கா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். "என்னடா இது, குடையா ராக்கெட்டா? இந்த வட்டம் என்ன?"

"மேலேர்ந்து பாத்தா அப்படித்தான்க்கா இருக்கும்."

"மேலேர்ந்து குடையை யாருடா பாக்கறா? காக்காவா?"

மூன்றரைக்கு மதுவின் குடை வந்தது. அதில் குடையே இல்லை. ஒரு கதவோரம், தரையில் சொட்டுச் சொட்டாக நீர் வட்டம், அவ்வளவுதான். யாரோ நனைந்த குடையை வைத்திருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் படத்துக்கு அவளிடமிருந்து ஒரு வரி வந்தது. "மில்லிமீட்டராப்பா?" கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம். கேள்வி கேட்கக் கூடாது என்பது அவளுக்குப் பொருந்தாது போலிருக்கிறது. அவள் ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுவாள், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். அந்த மஞ்சள் முகம் ஏழு மாதத்தில் முதலாவது.

அதனால் ஸ்கேலை விடவில்லை. அவள் சிரிக்கிறாள் என்றால் முப்பது நாளும் மில்லிமீட்டர் போடத் தயார்.

வரைய வரைய ஊரே எனக்கு உதவி செய்தது. காவிரிப் பாலத்தின் நடைபாதையில் நின்று பாலத்தை வரைந்தபோது சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார். "சார் ஹைவேஸா? பாலத்தை மறுபடி மூடப்போறீங்களா? அதை மட்டும் சொல்லிடுங்க, நான் தினம் இந்த வழியாத்தான் போகணும்" என்றார். இல்லை, மகளுக்காக வரைகிறேன் என்றேன். நம்பவில்லை. தாலுகா அலுவலகத்தில் நாற்காலியை வரைந்த அன்று, எதிரே இருந்த உதவியாளர் தன் பேனாவை மூடிவிட்டு எட்டிப் பார்த்தார். "அதுக்கு ஒரு கால் ஆடும் சார். அதையும் குறிச்சுக்குங்க, மேல சொன்னீங்கன்னா மாத்திக் குடுப்பாங்க." ஆடும் காலுக்கு ஒரு அம்புக்குறி போட்டேன். மது அதற்கு மூன்று மஞ்சள் முகம் அனுப்பினாள்.

இரண்டாவது வாரத்துக்குள் அக்காவுக்கும் இது பழகிவிட்டது. மூன்றரைக்கு டீயோடு வந்து, "உன் பொண்ணு படம் வந்துச்சா?" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவளைப் பொறுத்தவரை இது அப்பாவும் பெண்ணும் பொழுதுபோக்காகச் செய்வது. மது மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் அக்காவுக்குத் தெரியும். அப்படித்தான் நான் சொல்லிவைத்திருந்தேன்.

4

பதினைந்தாம் நாள் ஜன்னல். மது பேக்கரியின் கண்ணாடியை உள்ளிருந்து வரைந்திருந்தாள். முழுக்க ஆவி படிந்திருக்கிறது. ஒரு கை அதைத் துடைத்த இடத்தில் மட்டும் தெருவும் ஒரு நாயும் தெரிகின்றன. ஒரே பேனாவில் ஆவியை எப்படி வரைந்தாள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"எனக்கு அனுப்புடா இதை" என்றாள் அக்கா. அனுப்பினேன்.

அரை மணி நேரம் கழித்து என் போன் அடங்காமல் கிணுகிணுத்தது. எங்கள் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள். திருவெறும்பூரில் தொடங்கி பெங்களூர், துபாய் வரை. அக்கா அந்தப் படத்தை அதில் போட்டு, "எங்கள் மது வரைந்தது" என்று எழுதியிருந்தாள். கைதட்டல்கள், பூங்கொத்துகள், சாமி படங்கள். துவாக்குடிச் சித்தப்பா "ஆர்க்கிடெக்ட் கைன்னா சும்மாவா!" என்று எழுதியிருந்தார். அவருக்குக் கீழே யாரோ கேட்டிருந்தார்கள். "இப்போ எந்த வருஷம்?"

நான் எழுதினேன். "மூன்றாம் வருடம். நன்றாகப் படிக்கிறாள்."

யோசித்து எழுதவில்லை. யோசிக்காமல் எழுதினேன் என்பதுதான் வெட்கம். ஏழு மாதமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி விரலுக்கே மனப்பாடம் ஆகியிருந்தது. அனுப்பியும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மதுவுக்குப் பதினாறு வயதானபோது, பொங்கல் வாழ்த்துச் சொல்வதற்காக அவளையும் அந்தக் குரூப்பில் நானேதான் சேர்த்துவிட்டேன் என்பது நினைவிலேயே இல்லை.

5

மறுநாள் மூன்றரைக்கு நான் திருவெறும்பூர் வீட்டு வாசலில், நிலத்தை அளக்க வருகிறேன் என்றவருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். படம் வரவில்லை. மூன்றே முக்கால். நான்கு. அளப்பவர் வந்து சங்கிலியை ஒரு முனையில் என்னைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். "சார், இறுக்கிப் புடிங்க, போனை அப்புறம் பாக்கலாம்" என்றார். நான்கே காலுக்குக் கீதாவைக் கூப்பிட்டேன்.

"படம் வரல."

"வேலை ஜாஸ்தியா இருக்கும்ங்க."

"கீதா, படம் வரல."

அவளுக்குப் புரிந்தது. மது போனை எடுக்கவில்லை என்றதும் பேக்கரிக்கே போன் செய்து கேட்டுவிட்டு என்னைத் திரும்பக் கூப்பிட்டாள். "கவுன்ட்டர்ல நிக்கறாளாம். நல்லா இருக்காளாம். அம்மாகிட்ட பேச ஒண்ணுமில்ல, அப்பாகிட்டயும் இல்லன்னு சொல்லச் சொன்னாளாம். நீங்க என்ன பண்ணீங்க?"

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். உயிர் வந்தது. ஆனால் என்ன செய்தேன் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அதற்கடுத்த நாளும் படம் இல்லை. மாலையில் ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும் வந்தது. குரூப்பில் நான் எழுதிய இரண்டு வாக்கியங்கள். கீழே அவள் எழுதியிருந்தாள். "யாருப்பா இந்தப் பொண்ணு? நல்லா படிக்குது போல."

அக்கா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து மணி நேரம் கார் ஓட்டிப் போனதை, விடுதிக் காவலர் மாற்றுச் சாவி கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆகும் என்றதை, அதுவரை நான் அவள் அறைக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே இருந்தவளிடம் பேசிக்கொண்டே இருந்ததை. என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. காவலர் வருவதற்குள் கதவைத் திறந்தது மதுதான்.

அக்கா கீரையை அப்படியே வைத்துவிட்டாள்.

"ஏழு மாசம். ஏழு மாசமா செமஸ்டர், எக்ஸாம்னு என்கிட்ட கதை சொல்லிட்டு இருந்திருக்கே."

"எப்படிக்கா சொல்றது?"

"வாயாலதான். பொய்யை எதால சொன்னே?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன மாசம் அவ பொறந்தநாளுக்கு 'நல்லா படி கண்ணு, அத்தைக்கு நீதான் பெருமை'ன்னு எழுதினேன்டா சேகர். பதிலே வரல. பெரிய மனுஷி ஆயிட்டா, அத்தையெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப்போகுதுன்னு நெனச்சேன். நீ சொல்லியிருந்தா அப்படி எழுதியிருப்பேனா? அதைப் படிச்சப்ப அந்தப் புள்ளைக்கு எப்படிடா இருந்திருக்கும்?"

அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. மதுவைக் காப்பாற்றுவதற்காகத்தான் மறைத்தேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் மேல் பிரியம் வைத்தவர்களெல்லாம் வேறு யாருக்கோ வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் தன்னுடைய குடும்பத்துக்குள்ளேயே ஆள்மாறாட்டம் செய்கிறவளைப்போல உட்கார்ந்து அவற்றைப் படித்திருக்கிறாள்.

6

மறுநாள் பட்டியலில் இருந்த சொல் கதவு.

அவள் அனுப்பாவிட்டாலும் நான் வரைவதை நிறுத்தவில்லை. அன்று ஸ்கேலை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அளவு தெரியாது. அந்த விடுதிக் கதவை, கைப்பிடிக்குப் பக்கத்தில் பெயிண்ட் உரிந்திருந்த இடத்தோடு, நினைவில் இருந்தபடி வரைந்தேன். கோடு எங்கும் நேராக வரவில்லை. அதை அனுப்பிவிட்டுக் கூடவே ஒரு கேள்வியும் எழுதினேன். விதியை மீறுகிறேன் என்று தெரிந்தேதான். "குரூப்பில் உண்மையை எழுதட்டுமா? நீ வேண்டாம் என்றால் எழுதவில்லை."

ஏழு மணிக்குப் பதில் வந்தது. "எழுதுங்க. பேக்கரின்னு போடுங்க. உடம்பு விஷயம் வேணாம், அது என்னோடது."

மூன்று வரி எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுதியதை அக்கா வாங்கிப் பார்த்தாள். "'தற்காலிகமாகப் படிப்பை நிறுத்தியிருக்கிறாள்'. இந்த 'தற்காலிகமாக' எதுக்கு?"

"திரும்பப் போகலாம் இல்லையாக்கா?"

"போகலாம், போகாமலும் இருக்கலாம். அவ சார்பா நீ எதுக்கு இப்பவே வாக்குக் குடுக்கறே? எடு அதை."

எடுத்தேன். கடைசியில் குரூப்பில் போனது இதுதான். "மது படிப்பை நிறுத்திவிட்டாள். ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாள். மூன்றாம் வருடம் என்று நான் எழுதியது பொய். மன்னிக்கவும்."

நாற்பத்தொரு பேர் இருக்கும் இடத்தில் இருபது நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. பார்த்தார்கள் என்று மட்டும் தெரிந்தது. பிறகு துவாக்குடிச் சித்தப்பா எழுதினார். "பேக்கரியில் என்னென்ன போடுவார்கள்? பட்டர் பிஸ்கட் உண்டா?" அவ்வளவுதான், எல்லாரும் மூச்சு விட்டார்கள். யார் யாருக்கு என்ன கேக் பிடிக்கும் என்று பேச்சு போய்விட்டது. இரண்டு பேர் தனியாக எனக்கு, "என்ன பிரச்சனை?" என்று எழுதினார்கள். அவர்களுக்குப் பதில் போடவில்லை.

அடுத்த நாள் மூன்றரைக்கு மதுவின் படம் வந்தது. அன்றைய சொல்லுக்கு அல்ல, முந்தைய நாள் சொல்லுக்கு. கதவு. அதே கதவு, உள்ளேயிருந்து. படுத்திருக்கிறவரின் கண்ணில் தெரிவதுபோல, போர்வையின் விளிம்புக்கு அப்பால், சாய்ந்து நிற்கிறது. கதவுக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம். அந்த வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு இரண்டு செருப்பளவு நிழல். கீழே எழுதியிருந்தாள். "கார் நிறுத்த இடம் கெடைக்கலைன்னு நாலு தடவ சொன்னீங்கப்பா. ஃபைன் போட்டுடப்போறாங்கன்னுதான் எழுந்து வந்தேன்."

அக்காவிடம் போனைக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு என் போனில் அவளுடைய படம் வந்தது. அதன் பின்னாலேயே அக்காவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்த அக்கா என்னைப் பார்த்தாள். "மதுடா" என்று வாயசைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். மது அத்தைக்குத் தானாகப் போன் செய்து நான் பார்த்ததில்லை. "சொல்லுடி கண்ணு" என்றது கேட்டது. அதன் பிறகு தாழ்ந்த குரலில் வெகுநேரம். நடுவில் ஒருமுறை, "அடிப்பாவி, உங்கப்பனுக்குத் தெரியுமா இது?" என்று அக்கா பெரிதாகச் சிரித்தாள். போனுக்குள்ளே மதுவும் சிரிப்பது ஹால் வரைக்கும் கேட்டது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து நிமிடம்.

அக்கா வெளியே வந்து, ஒன்றும் நடக்காததுபோல அன்றைய பேப்பரை எடுத்துப் பிரித்தாள்.

"என்னக்கா சொன்னா?"

"என்கிட்ட சொன்னா."

"அதான், என்ன சொன்னா?"

"அதான் சொல்றேனே. என்கிட்ட சொன்னா."

பேப்பருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை. என் மகளைப் பற்றி என் அக்காவுக்குத் தெரிந்த, எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இப்போது இருக்கிறது. அன்று இரவு ஒன்பதரைக்கே படுத்துவிட்டேன். விடியும்வரை ஒருமுறைகூடப் போனை எடுத்துப் பார்க்கவில்லை.